மேல்மாடி அம்மையாரின் தலைத்துணி

சென்ற இதழில், பாடசாலை முடிந்த பின் நடக்கும் நிகழ்ச்சிகளில் பிள்ளைகளைச் சேர்ப்பது பற்றி நாம் எழுதியது வாசகர்களுக்கு நினைவிருக்கும். அதைப் படித்துவிட்டுச் சில பெற்றோர் கடிதம் எழுதியிருக்கிறார்கள். ஒரு தாயாரின் கேள்வி இது: "மகளின் பள்ளிக்கூடத்தில் மியூசிக்கல் என்று ஒன்று போடுகிறார்களாம். மூன்று மாதம் ஒத்திகையாம். அவளுக்குக் கிடைத்திருப்பதோ பின்வரிசை. இதற்காகப் படிப்பைக் கெடுப்பதா?"

நியாயமான கேள்வி. 1998 இல் நாங்களும் இதையே கேட்டோம். எங்களுக்குப் பதில் சொன்னவர் ஆசிரியர் அல்ல, எங்கள் தலைக்கு நேர் மேலே குடியிருந்த ஒரு அம்மையார். இம்மாதம் அவரைப் பற்றியும், அவர் பெட்டியில் வைத்திருந்த ஒரு துண்டுத் துணியைப் பற்றியும் எழுதுகிறோம்.

அப்போது நாங்கள் ஸ்காபரோவில் ஒரு மாடிக் கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில் இருந்தோம். இரண்டு அறை வீடு. நாங்கள் இருவர், இரண்டு பிள்ளைகள், 1997 இல் ஸ்பொன்சரில் வந்து சேர்ந்த அம்மம்மா. எங்களில் ஒருவருக்குப் பகல் வேலை, மற்றவருக்கு இரவு வேலை. கதவடியில் சந்தித்துத் திறப்பைக் கைமாற்றிக் கொண்ட காலம் அது. மூத்தவள் ஒன்பதாம் வகுப்பு. ஒருநாள் ஒரு படிவத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். பெற்றோர் கையெழுத்து வேண்டுமாம்.

"என்ன பாத்திரம்?"

"ஊர்ச்சனம்."

"ஊர்ச்சனத்தில் ஆர்? பெயர் என்ன?"

"பெயர் இல்லை அப்பா. சும்மா ஊர்ச்சனம்."

மூன்று மாதம் ஒத்திகை பார்த்து ஊர்ச்சனமாக நிற்கிறதென்றால் ஊரிலேயே இருந்திருக்கலாமே என்று எங்களில் ஒருவர் சொன்னார். யார் என்று இங்கே எழுதப் போவதில்லை. அந்தத் தவணை அவளுக்குக் கணிதத்தில் 68 புள்ளி. படிவம் கையெழுத்தில்லாமல் ஃபிரிட்ஜின் மேல் இரண்டு கிழமை கிடந்தது.

அம்மம்மாவுக்கு அந்தக் கட்டடத்தில் இருந்த ஒரே வெளியுலகம் நிலவறையில் இருந்த சலவை அறை. அங்கேதான் பத்தாம் மாடி அம்மையாரைப் பழக்கம். இவருக்கு ஆங்கிலம் இல்லை, அவருக்குத் தமிழ் இல்லை. ஆனால் ஒரு படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் இந்த முனையைப் பிடிக்க, மற்றவர் அந்த முனையைப் பிடிக்க, அப்படியே ஒரு சிநேகம் வளர்ந்திருந்தது. ஒரு சனிக்கிழமை மகளும் உடன் போயிருந்தாள். பேச்சுவாக்கில் நாடகத்தின் பெயரைச் சொல்லியிருக்கிறாள்: 'ஃபிட்லர் ஒன் த ரூஃப்', அதாவது கூரைமேல் பிடில் வாசிப்பவன். அம்மையார் மடித்துக்கொண்டிருந்த விரிப்பைக் கீழே விட்டுவிட்டாராம். மறுநாள் எங்கள் எல்லோரையும் தேநீருக்கு மேலே வரச் சொன்னார்.

அதுவரை ஒரு வெள்ளைக்கார வீட்டுக்குள் நாங்கள் போனதில்லை. என்ன கொண்டு போவது என்று தெரியாமல் ஒரு தட்டில் வடை கொண்டு போனோம். அம்மையார் இரண்டு வடை சாப்பிட்டுவிட்டு உள்ளே போய் ஒரு பிஸ்கற் தகரத்தைக் கொண்டுவந்தார். அதற்குள் மெல்லிய கடதாசியில் சுற்றிய ஒரு துணி. மங்கிப்போன நீலப் பருத்தி. முக்கோணமாக மடித்துத் தலையில் போட்டுத் தாடைக்குக் கீழே முடிச்சுப் போடுகிற அளவு. ஒரு மூலை கிழிந்து தைக்கப்பட்டிருந்தது. ஓரத்தைச் சுற்றிச் சிவப்பு நூலில் சின்னச் சின்ன ஆங்கில எழுத்துகள். சலவைக் குறியாக்கும் என்று நினைத்தோம். பழைய துணியை இவ்வளவு பக்குவமாக எடுத்துக் காட்டுகிறாரே என்று எங்களுக்குச் சற்றுக் கூச்சமாகவும் இருந்தது.

அவர் ஒரு நடனக்காரி. 1960களின் கடைசியில் இதே நாடகத்தோடு ஊரூராகப் போனவர். மேடையில் அவரும் பெயரில்லாத ஊர்ச்சனம்.

இங்கே மியூசிக்கல் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது நம்மூர் இசை நாடகத்துக்குச் சொந்தக்காரப் பிள்ளை. நடிகமணி வி.வி. வைரமுத்து அவர்களின் மயான காண்டத்தைக் கோயில் வீதியில் இருந்து பார்த்தவர்களுக்கு, பாட்டாலேயே கதை நகர்வது புதுமையல்ல. வித்தியாசம் பின்வரிசையில் இருக்கிறது. நம் கூத்தில் பிற்பாட்டுக்காரர் ஓரமாக நின்று பாடுவார்கள். இவர்களுடைய நாடகத்தில் 'கோரஸ்' என்கிற அந்தக் கூட்டம் நடு மேடைக்கே வந்துவிடும். பாடும், ஆடும், ஒரு காட்சியில் கலியாண வீடாகும், அடுத்த காட்சியில் கலைந்த வீடாகும்.

நியூயோர்க்கின் பிரோட்வே அரங்குகளில் ஒரு நாடகம் நன்றாக ஓடினால், அதே நாடகத்துக்கு இன்னொரு குழுவைச் சேர்த்து மற்ற நகரங்களுக்கு அனுப்புவார்கள். கிழமைக்கு எட்டுக் காட்சி. ஞாயிறு இரவு கடைசிக் காட்சி முடிந்த கையோடு மேடையைப் பிரித்து லொறிகளில் ஏற்றி, செவ்வாய் மாலை அடுத்த நகரத்தில் திரை விலக்க வேண்டும். சிறிய ஊரென்றால் ஓரிரவோடு சரி. மறுநாள் மீண்டும் பஸ். சூட்கேசில் வைத்திருப்பதுதான் வீடு. அம்மையார் இப்படி இரண்டு வருடத்துக்கு மேல் அலைந்திருக்கிறார். துணியின் ஓரத்தில் இருந்த எழுத்துகள் அவர் ஆடிய ஊர்களின் முதலெழுத்துகள்.

நாடகத்தின் கதையை அவர் சொல்லித்தான் நாங்கள் முதலில் கேட்டோம். 1905 ஆம் ஆண்டு, ரஷ்யச் சக்கரவர்த்தியின் ஆட்சியில் இருந்த அனத்தெவ்கா என்ற கற்பனைக் கிராமம். பால் விற்கும் தெவ்யா என்ற ஏழை யூதனுக்கு ஐந்து பெண்பிள்ளைகள். தரகி பேசிவந்த பணக்காரனை வேண்டாமென்று மூத்தவள் ஒரு தையற்காரனைக் கட்டுகிறாள். இரண்டாவது மகள், சைபீரியாவுக்கு நாடுகடத்தப்பட்ட காதலனைத் தேடிப் போகிறாள். மூன்றாமவள் வேற்று மதத்துப் பையனோடு போய்விடுகிறாள். எங்கள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்து எழுதியது போல இருந்தது. மகள் தலையைக் குனிந்துகொண்டு வடையைத் தின்றாள். கடைசியில் அதிகாரி வந்து, மூன்று நாளில் எல்லோரும் ஊரைவிட்டுப் போக வேண்டும் என்கிறான். ஊர் மூட்டை கட்டுகிறது. சிலர் அமெரிக்காவுக்கு, சிலர் போலந்துக்கு, சிலர் எருசலேமுக்கு.

இது சும்மா புனைந்த கதை அல்ல. மூலக் கதைகளை இத்திஷ் மொழியில் எழுதிய ஷோலம் அலைக்கம், 1905 இல் கியேவ் நகரில் யூதர் மீது நடந்த வன்முறைக்குப் பின் ஊரைவிட்டுக் கிளம்பியவர். 1916 இல் நியூயோர்க்கில் காலமானார். நாடகத்தை இயக்கி நடனமும் அமைத்த ஜெரோம் றொபின்ஸ், ஆறு வயதில் தகப்பனாரின் கிராமத்தைப் போய்ப் பார்த்தவர். அந்தக் கிராமத்து யூதர்கள் பின்னர் நாசிகளின் கையில் அழிந்துபோனார்கள். நாடகம் 1964 செப்டெம்பர் 22 இல் பிரோட்வேயில் தொடங்கி 1972 வரை 3,242 தடவை மேடையேறியது. 1967 இல் ரோக்கியோவிலும் போட்டார்கள். கதை வசனம் எழுதிய ஜோசப் ஸ்ரெய்ன் அங்கே போனபோது, தயாரிப்பாளர் அவரிடம், இது இவ்வளவு ஜப்பானியக் கதையாக இருக்கிறதே, அமெரிக்கர்களுக்கு எப்படி விளங்குகிறது என்று கேட்டாராம். எங்களுக்கும் அப்படித்தான் கேட்கத் தோன்றியது.

ஏன் இந்தத் துணியை வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டோம். அதற்கு அவர் வேறொரு உடுப்பின் கதையைச் சொன்னார். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம், ஏனென்றால் எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

1950 இல் பிரோட்வே நாடகமொன்றின் கோரஸில் ஆடிக்கொண்டிருந்த பில் பிராட்லி என்பவர், உடன் ஆடிய புளோரன்ஸ் போம் என்ற பெண்ணிடம், ஒப்பனை அறையில் அவர் போர்த்தும் நீள அங்கியைக் கேட்டு வாங்கினார். 'கோல் மீ மடம்' என்ற புதிய நாடகத்தின் முதல்நாள், அதில் ஆடவிருந்த தன் நண்பர் ஆதர் பார்ட்டிங்டனுக்கு அதை அனுப்பினார். முந்தைய காலத்துப் பேரழகிகள் எல்லாம் போர்த்திய அங்கி இது, அதிர்ஷ்டம் தரும் என்று ஒரு பொய்யையும் சேர்த்து அனுப்பினார். வெறும் பகிடி. நாடகம் அமோகமாக ஓடியது. பார்ட்டிங்டன் அந்த நாடகத்தின் கதாநாயகி எதெல் மேர்மனின் உடுப்பிலிருந்து ஒரு துணி ரோஜாவை எடுத்து அங்கியில் தைத்து, அடுத்துத் தொடங்கிய 'கைஸ் அண்ட் டோல்ஸ்' நாடகத்தின் கோரஸ்காரர் ஒருவருக்கு அனுப்பினார். அவரும் ஏதோ ஒன்றைத் தைத்து அடுத்தவருக்கு. அது இன்றுவரை நிற்கவில்லை.

இப்போது அதற்கு முறையான விதிகள் இருக்கின்றன. நடிகர் சங்கம் அதைக் கவனிக்கிறது. கோரஸ் உள்ள ஒவ்வொரு புதிய பிரோட்வே மியூசிக்கலின் முதல்நாளும், திரை விலகுமுன், அந்தக் கோரஸில் மிக அதிகமான பிரோட்வே நாடகங்களில் ஆடியவருக்கு அங்கியைப் போர்த்துவார்கள். கதாநாயகனுக்கு அது கிடைக்காது. எவ்வளவு புகழ் இருந்தாலும் கிடைக்காது. போர்த்தியவர் மேடையை இடஞ்சுழியாக மூன்று தடவை சுற்றி வருவார். மற்றவர்கள் எல்லோரும் கைநீட்டி அதைத் தொட்டுக்கொள்வார்கள். பிறகு ஒவ்வொரு ஒப்பனை அறைக்கும் போய் வாழ்த்திவிட்டு வர வேண்டும். தங்கள் நாடகத்தின் நினைவாக ஒரு துண்டைத் தைத்து அடுத்த நாடகத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். இடமில்லாமல் நிறைந்த அங்கிகளுக்கு ஓய்வு கொடுத்துப் புதிதாக ஒன்றைத் தொடங்குவார்கள். பழையவற்றில் சில நியூயோர்க் பொது நூலகத்தின் அரங்கக்கலைப் பிரிவிலும், வேறு சில ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன.

நாடகம் விட்டு நாடகம் அலைகிறவர்கள் என்பதால் கோரஸ்காரர் தங்களை 'ஜிப்சிகள்' என்று சொல்லிக்கொள்வார்கள். அங்கிக்கும் நெடுங்காலம் ஜிப்சி அங்கி என்றே பெயர். அந்தச் சொல் றோமா மக்களை இழிவுபடுத்துகிறது என்பதால் 2018 இல் பெயரை 'லெகசி றோப்' என்று மாற்றினார்கள். ஒரு சொல் எப்படிக் குத்தும் என்பதை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

அம்மையார் பிரோட்வேயில் ஆடியதில்லை. அந்த அங்கியைத் தொட்டதும் இல்லை. கேள்விப்பட்டது மட்டும்தான். ஒருநாள் காட்சி நடுவில் அவருடைய தலைத்துணி கிழிந்துபோக, உடுப்புகளுக்குப் பொறுப்பான பெண்மணி புதிது ஒன்றைக் கொடுத்துவிட்டுப் பழையதை, இனி இது உனக்குத்தான் என்று கையில் வைத்திருக்கிறார். அன்றிரவே பஸ்ஸில் இருந்து முதல் எழுத்தைத் தைத்தாராம். பெரியவர்களுக்கு அங்கி இருக்கிறது, எனக்கு இது போதும் என்று.

நாங்கள் விடவில்லை. பெயரே இல்லாத பாத்திரத்துக்கு இவ்வளவு பாடா என்று மகளைக் கொண்டு கேட்பித்தோம். அவர் யோசிக்காமல் சொன்ன பதில் இன்றும் காதில் நிற்கிறது. கடைசிக் காட்சியில் தெவ்யா தன் வண்டியை இழுத்துக்கொண்டு போகிறான். அவனோடு ஊரும் நடக்காவிட்டால், பார்க்கிறவர்களுக்கு அது ஒரு மனிதன் வீடு மாறுகிற கதை மட்டும்தான் என்றார்.

அன்றிரவு படிவத்தில் கையெழுத்துப் போட்டோம். மறுநாள் சலவை அறையில் அந்தத் தலைத்துணியை மகளிடம் இரவலாகக் கொடுத்தார் அம்மையார். தோய்க்கக் கூடாது, இஸ்திரி போடக் கூடாது, காட்சி முடிந்த மறுநாளே திரும்பி வர வேண்டும் என்று மூன்று நிபந்தனைகள்.

நாடகத்தன்று லிஃப்டில் அவரைச் சந்தித்தோம். அவர் மகளின் கன்னத்தைத் தட்டி ஏதோ சொன்னார். என்ன சொல்கிறா என்று அம்மம்மா கேட்க, எங்கள் சின்னவன் உடனே, "அக்கான்ரை கால் முறியட்டுமாம்" என்று மொழிபெயர்த்தான். அம்மம்மா முகம் கறுத்துவிட்டது. நல்ல காரியத்துக்குப் போகிற பிள்ளைக்கு என்ன வாய் இது என்று கேட்டார். மேடைக்காரரிடம் நன்மை உண்டாகட்டும் என்று நேரே சொன்னால் கண்ணூறு பட்டுவிடும் என்று இங்கே ஒரு நம்பிக்கை. அதனால் தலைகீழாக வாழ்த்துவார்கள். புதிதாக வந்த வாசகர்கள் இதைத் தெரிந்து வைத்திருங்கள், எங்களைப் போல லிஃப்டுக்குள் நின்று மன்னிப்புக் கேட்க வேண்டியிராது. கண்ணூறு என்றதும் அம்மம்மாவுக்கு விளங்கிவிட்டது. அம்மையாரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

பாடசாலை மண்டபம் நிறைந்திருந்தது. நாங்கள் மூவரும் சின்னவனும் ஒரே வரிசை. ஒருவர் இரவு வேலைக்கு லீவு எடுத்திருந்தோம், சம்பளம் இல்லாத லீவு. முதற்பாதியில் மகளைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடாக இருந்தது. எல்லாப் பெண்களும் தலைத்துணி கட்டியிருந்தார்கள். நீலத் துணியைத் தேடிக் கண்டுபிடித்த பிறகு அதைவிட்டுக் கண் அகலவில்லை. அவள் வாளி தூக்கினாள், கலியாணத்தில் கைதட்டினாள், கலவரத்தில் ஓடினாள். அம்மம்மாவுக்கு ஒரு சொல்லும் விளங்கியிராது. நித்திரை கொண்டுவிடுவார் என்றுதான் எண்ணியிருந்தோம்.

கடைசிக் காட்சி. சாமான்கள் வண்டியில் ஏறிவிட்டன. தெவ்யாவின் மனைவி கோல்டெ மட்டும் விளக்குமாற்றை எடுத்து வீட்டைக் கூட்டத் தொடங்குகிறாள். திரும்பி வரப்போவதில்லை, இனி யாரோ வந்து இருக்கப் போகிற வீடு, ஆனாலும் கூட்டுகிறாள். மண்டபத்தில் சிலர் மெல்லச் சிரித்தார்கள்.

"கூட்டிப்போட்டெல்லே போறா," என்றார் அம்மம்மா. சத்தமாகவே சொன்னார்.

பிறகு மேடையைப் பார்த்தபடியே, அடங்கிய குரலில், "நானும் கூட்டினனான்" என்றார்.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் எழும்பி நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தது வாசகர்களுக்குத் தெரியும். அந்த நடையில் அம்மம்மாவும் இருந்தார் என்பது எங்களுக்கும் தெரியும். ஸ்பொன்சர் படிவங்களில் திகதிகளை எழுதியதே நாங்கள்தான். எந்த நாள் எங்கே இருந்தார், எந்த முகவரி, எவ்வளவு காலம் என்று எல்லாம் நிரப்பினோம். அன்றிரவு என்ன செய்தீர்கள் என்று நாங்கள் கேட்டதில்லை. கேட்டால் அழுவார் என்று பயம். எங்களுக்கும் அழுகை வரும் என்பது அதைவிடப் பெரிய பயம்.

அன்று பஸ்ஸில் வரும்போது அவராகவே சொன்னார். மழையாம். ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டு போனார்களாம். பக்கத்து வீட்டார் படலையில் நின்று கெதியாய் வாருங்கோ என்று கூப்பிட்டார்களாம். இவர் அடுப்பை அவித்து, குசினியைக் கூட்டி, விறாந்தையைக் கூட்டிவிட்டுத்தான் கதவைப் பூட்டியிருக்கிறார். ஈர முற்றத்தைக் கூட்ட முடியவில்லை என்று அவருக்கு இன்னும் குறை. திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு பாலம் வரைக்கும் தடவித் தடவிப் பார்த்தபடி நடந்தாராம். சாவகச்சேரியில் ஆரோ தந்த தேத்தண்ணியின் சூடு வரைக்கும் சொன்னார். மகள் தலைத்துணியைக் கழற்றாமல் அவர் பக்கத்தில் இருந்தாள். இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டோம். இரண்டு தரிப்புத் தாண்டித்தான் கவனித்தோம். குளிருக்குள் நடந்து வந்தோம்.

ஆகவே, கடிதம் எழுதிய தாயாருக்கு: படிவத்தை முழுதாகப் படியுங்கள். ஒத்திகை எத்தனை நாள், எத்தனை மணிக்கு விடுவார்கள், உடுப்புக்குக் காசு கேட்கிறார்களா என்று ஆசிரியரை நேரே கேளுங்கள். காசு கட்ட முடியாவிட்டால் அதையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள், வழி செய்வார்கள். இரவு வீடு திரும்ப யாரோடு வருவாள் என்பதை முதலிலேயே ஒழுங்கு செய்யுங்கள். கணிதமும் முக்கியம்தான். எங்கள் மகள் அந்த மூன்று மாதமும் ஒத்திகை இடைவேளையில் வீட்டுப்பாடம் செய்தாள். அடுத்த தவணை 71 புள்ளி. நாடகத்தால் கூடியதென்று சொல்ல மாட்டோம், குறையவில்லை. முக்கியமாக, நீங்கள் போய்ப் பாருங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள். மொழி விளங்காது என்று விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

தலைத்துணி மறுநாளே திரும்பிப் போனது. அம்மையார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரு ஊசியும் சிவப்பு நூலும் எடுத்துவந்து அம்மம்மாவின் கையில் கொடுத்தார். கடைசி எழுத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. இந்த ஊரின் பெயரில் ஒரு எழுத்துத் தைக்க வேண்டுமாம். ஸ்காபரோவுக்கு 'எஸ்' என்று மகள் கடதாசியில் எழுதிக் காட்டினாள். அம்மம்மா மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒரு மணித்தியாலம் இருந்து தைத்தார். பார்த்தால் 'சு' என்று தமிழில் இருந்தது. எங்கள் ஊர் சுன்னாகம். இரண்டும் ஒரு எழுத்தில்தானே தொடங்குது என்று ஒரே போடாகப் போட்டார். அம்மையாருக்கு மகள் என்ன விளக்கம் கொடுத்தாளோ தெரியாது, அவர் அந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

அம்மையார் பின்னர் முதியோர் இல்லத்துக்குப் போகும்போது பிஸ்கற் தகரத்தோடு அதை மகளிடம் கொடுத்துவிட்டுப் போனார். இரவல் கொடுக்கலாம், விற்கக் கூடாது என்பது அப்போது சேர்ந்த நான்காவது நிபந்தனை. அவரும் இல்லை, அம்மம்மாவும் இல்லை. துணி இதுவரை மூன்று பாடசாலை மேடைகளுக்குப் போய் வந்திருக்கிறது. இந்த வருடம், போன மார்கழியில் வந்து சேர்ந்த ஒரு குடும்பத்துப் பெண்பிள்ளை கேட்டு வாங்கிப் போயிருக்கிறாள். அவளுக்கும் பின்வரிசைதான். அடுத்த சனிக்கிழமை காட்சி. ஓரத்தில் இனி இரண்டு எழுத்துக்குத்தான் இடம் இருக்கிறது. எங்களில் ஒருவருக்கும் அம்மம்மாவைப் போல நெருக்கமாகத் தைக்க வராது. அந்தப் பிள்ளையின் தாயார் ஊரில் தையல் படித்தவராம். அவரிடம்தான் ஊசியைக் கொடுக்க வேண்டும்.